கோழிக்கு ஏது தாய்ப்பால்? யூதர்களின் இறைச்சி, பால் விதி பற்றி

வழிப்போக்கன்:
வெள்ளாட்டுக் குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே. பைபிளில் இருப்பது இவ்வளவுதான், யாத்திராகமத்தில் இரண்டு இடம் (23:19, 34:26), உபாகமத்தில் ஒன்று (14:21). இதை வைத்து யூதர்கள் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் பால் கிடையாது என்று கொண்டுபோனதைக்கூட ஒத்துக்கொள்கிறேன். கோழியை எதற்குச் சேர்த்தார்கள்? கோழிக்கு ஏது தாய்ப்பால்?

உப்புக்கல்:
யூத மதகுருக்களான ரபிகளே கேட்ட கேள்வி இது நண்பரே. அவர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஹூலின் பகுதி, எட்டாம் அதிகாரம் பாருங்கள். பறவைக்குத் தாய்ப்பால் இல்லை, அதனால் வசனம் அதற்குப் பொருந்தாது என்று கலிலேயாக்காரரான ரபி யோசே நீங்கள் சொன்னதையேதான் சொல்கிறார், அவர் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று மிஷ்னாவை அலசும் பெருநூலான தல்மூத் மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறது. ரபி அக்கிவாவும் பறவை வேதத்தின் தடைக்குள் வராது என்றார். ஆக, இது பின்னால் ரபிகள் போட்ட வேலி. பந்தியில் கோழியும் கறிதான். இன்று கோழியைப் பாலில் போட்டுப் பழகிய வீட்டில் நாளைக்கு ஆட்டுக்கறியும் விழும்.

வழிப்போக்கன்:
மக்களுக்கு ஆட்டுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதா? அப்புறம், ஆபிரகாமே விருந்தாளிகளுக்கு வெண்ணெயும் பாலும் கன்றுக்கறியும் ஒன்றாக வைத்தார் (ஆதியாகமம் 18:8).

பனங்கிழங்கு:
ஆபிரகாம், சீனாய் மலையில் மோசேக்குச் சட்டம் கிடைத்ததற்கு முந்தியவர், அந்த வாதம் நிற்காது. ஆனால் ஆறு மணி நேரம் என்பதும் எல்லாருக்கும் பொது இல்லை. இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் ஆறு என்றார், ஜெர்மானிய யூதர்கள் மூன்றோடு நிறுத்துகிறார்கள், டச்சு யூதர்களுக்கு ஒன்றே போதும்.

உப்புக்கல்:
சரிதான், அது தல்மூத்திலேயே தொடங்குகிறது. அதில் வரும் அறிஞர் மார் உக்வா சொல்கிறார்: என் அப்பா இன்று இறைச்சி சாப்பிட்டால் நாளை இதே நேரம் வரை பாலாடைக்கட்டியைத் தொடமாட்டார், நானோ அடுத்த வேளையே சாப்பிட்டுவிடுகிறேன், அவருக்கு முன்னால் நான் திராட்சரசத்துக்குப் பிறந்த காடி. எனக்கு இதில் பிடித்ததே இந்த ஏக்கம்தான். அப்பாவைப் போல இருக்க முடியவில்லையே என்று ஒருவர் வருந்துவதை எழுதிக் காப்பாற்றியிருக்கிறார்கள், வெறும் கெடுபிடி என்று இதை எப்படித் தள்ளுவது?

வழிப்போக்கன்:
மார் உக்வா மனதைத் தொடுகிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவு அது. ஊர் முழுக்கக் கோழியை விலக்கு என்பது வேறு. ரபி யோசேயின் ஊர்க்காரர்களும் தோராவை, அந்த வேதச் சட்டத்தை, நேசித்தவர்கள்தானே? எனக்கு அந்த ஊர் போதும்.