முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5: பின் சஸ்பென்ஷன் புஷ், ஷாக் மாற்றியவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு

1989 முதல் 1997 வரை வந்த எம்.எக்ஸ்-5 என்ற சின்னத் துணிக்கூரை ஸ்போர்ட்ஸ் கார் பற்றித்தான் இந்த இழை. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர் மாறினாலும் பின்பக்க அமைப்பு ஒன்றுதான்: சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒரு ஆர்ம் (மேலும் கீழும் அசையும் இரும்புக் கை), கீழே ஒரு ஆர்ம், நடுவே ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் (அதிர்வு தாங்கி). இன்று இந்தக் கார்களில் பலவற்றில் தொழிற்சாலையில் போட்ட ரப்பர் புஷ்களே (ஆர்மின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

புதிய பாகத்தைப் பொருத்துவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். பழைய போல்ட்டை வெளியே எடுப்பதில்தான் நாள் போகும். பிரிட்டன் மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊர்க் கார் என்றால் இன்னும் மோசம். ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

தேய்ந்தது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். காரைத் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு கையால் பிடித்து மாறி மாறி ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மட்டும் ஆடி, அதைத் தாங்கும் வார்ப்பிரும்பு அசையாமல் நின்றால் பேரிங் போய்விட்டது. அந்த வார்ப்பிரும்பே கீழ் ஆர்மிலிருந்து விலகி ஆடினால் வெளிப்பக்கக் கீழ் புஷ். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பேரிங்கை மாற்றியவர்கள் உண்டு. ஓட்டும்போது தெரியும் அறிகுறி இது: வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் தானாகவே கொஞ்சம் திரும்புகிற உணர்வு. புஷ் தளர்ந்து டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறுவதால் வருவது அது.

மறுமொழி

எல்லோரும் பயப்படும் நீள போல்ட்டைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். கீழ் ஆர்மையும் ஹப் தாங்கியையும் இணைக்க முன்னிருந்து பின்னாக ஒரே போல்ட் போகிறது. நடுவில் இரண்டு புஷ், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இரும்புக் குழாய். தண்ணீர் அந்தக் குழாய்க்குள் இறங்கி, போல்ட்டும் குழாயும் துருவால் ஒட்டிக்கொள்ளும். மரை நன்றாக இருக்கும், நட் சுலபமாகக் கழன்றுவிடும். போல்ட் மட்டும் வராது.

வேலைக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். நட்டைக் கழற்றியதும் போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். திருப்பியது திருப்பியபடி நின்றால் போல்ட் குழாயை விட்டுவிட்டது, தட்டினால் வந்துவிடும். கையை எடுத்ததும் ரப்பர் முறுகித் திரும்பி வந்தால் இன்னும் ஒட்டியிருக்கிறது. அப்போது பெரிய பிரேக்கர் பாரால் (நீளக் கைப்பிடி ஸ்பேனர்) முன்னும் பின்னுமாகத் திருப்பி, நடுநடுவே எண்ணெய் விட்டால் பாதிக் கார்களில் விட்டுக்கொடுக்கும். சுத்தியலால் அடிப்பதானால் நட்டை மரையின் முனையோடு சமமாக நிற்கும்படி திருப்பி வைத்துவிட்டு அடியுங்கள். வெறும் மரையில் அடித்தால் முனை பூத்து, பிறகு குழாய்க்குள் நுழையவே நுழையாது.

அதற்கும் வரவில்லை என்றால் அறுப்பதுதான் வழி. ஆர்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் பவர் ரம்பத்தின் பிளேடை விட்டு, ஒவ்வொரு புஷ்ஷின் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். மொத்தம் நான்கு வெட்டு. இரும்புக்கான நெருக்கமான பல் கொண்ட பிளேடு நாலைந்தாவது கையில் வேண்டும், அந்த போல்ட் அவ்வளவு கடினம். பிளேடு ஆர்மின் காதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர், கேஸ் டார்ச் இரண்டையும் இங்கே தவிர்க்கச் சொல்வேன். இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால், வேலை செய்யும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே போகிறது. எரியும் ரப்பர் புகையும் மூச்சுக்கு ஆகாது.

வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு புது நீள போல்ட்டும் நட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். பழையது வந்துவிட்டாலும் குழி விழுந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

மறுமொழி

மேலே சொன்னதெல்லாம் புஷ் மாற்றுகிறவர்களுக்கு. ஷாக் மட்டும் மாற்றுகிறவர்கள் நீள போல்ட்டைத் தொடாமலே செய்யலாம். ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் ஆர்மைக் கீழே இறங்க விடாது. பிறகு ஷாக்கின் கீழ் போல்ட் (17 சாக்கெட்), டிக்கிக்குள் மேலே இரண்டு நட் (14 சாக்கெட்). ஒரு பக்கத்தில் பெட்ரோல் ஊற்றும் குழாயின் மறைப்பைக் கழற்றினால்தான் கை போகும். பேட்டரியும் டிக்கியில்தான், முதலில் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். ஒருவர் நீளக் கம்பியால் ஆர்மை அழுத்திப் பிடித்தால் இன்னொருவர் ஷாக்கை உருவிவிடலாம். ஹப்பின் எடை பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அவசரமே கூடாது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசர் இரண்டும் நேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். மேல் தட்டில் அழுத்தம் முழுக்க நீங்கிய பிறகுதான் நடு நட்டில் கை வைக்கலாம். கம்ப்ரசரின் திருகை இம்பாக்ட் கன்னால் ஓட்டாதீர்கள்.

மேலே இருக்கும் வாஷர், ரப்பர், குழாய், தட்டு எந்த வரிசையில், எந்த முகம் மேலே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஷாக் போட்டும் டொக் டொக் என்று சத்தம் வருகிறது என்பவர்களில் நிறையப் பேர் இங்கேதான் ஒரு வாஷரைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஷாக் கடைசிவரை அழுந்தி இடிக்காமல் தடுக்கும் நுரையாலான பம்ப் ஸ்டாப் இந்த வயதில் கையில் பொடியாக உதிரும். இந்தக் காரில் ஷாக்கின் பயணம் குறைவு, பம்ப் ஸ்டாப் அடிக்கடி வேலை செய்யும். அது இல்லாமல் ஓட்டினால் புது ஷாக் உள்ளேயே இடித்துச் சீக்கிரம் எண்ணெய் கசியும். ஷாக்கோடு பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் கட்டாயம் வாங்குங்கள்.

முடுக்கும் அளவு: மேல் நட் இரண்டும் 29 முதல் 36 நியூட்டன் மீட்டர், கீழ் போல்ட் 73 முதல் 93, சக்கர நட் 88 முதல் 118.

மறுமொழி

புஷ் அழுத்தும் வேலை. பழைய ரப்பரைச் சுற்றி டிரில்லால் துளைத்துத் தள்ளிவிட்டு, மீதமிருக்கும் இரும்பு ஓட்டுக்குள் ரம்ப பிளேடை விட்டு நீளவாக்கில் ஒரு கோடு அறுத்தால் அது தளர்ந்துவிடும். ஆர்மின் உட்சுவர் கீறப்படுவதற்கு முன் நிறுத்துங்கள். பிரஸ் இல்லாதவர்களுக்கு 12 மி.மீ. மரைக் கம்பி, இரண்டு நட், தடித்த வாஷர்கள், புஷ்ஷின் ஓட்டு அளவிலேயே ஒரு சாக்கெட், மறுபக்கம் தாங்க அதைவிடப் பெரிய சாக்கெட் போதும். புதுப் புஷ்ஷை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் நுழைவது எளிது. அழுத்தும் விசை வெளி ஓட்டில்தான் விழ வேண்டும், நடுக் குழாயில் விழுந்தால் ரப்பர் உள்ளேயே பிய்ந்துவிடும்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (கடினமான பிளாஸ்டிக் வகை) புஷ் போடுகிறவர்கள் கூடவே வரும் சிலிகான் கிரீஸைக் கஞ்சத்தனம் இல்லாமல் பூசுங்கள். வறண்டால் கிறீச்சிடும். தினமும் ஓட்டும் காருக்கு ரப்பர்தான் நல்லது என்பது என் கருத்து, சாலை அதிர்வு குறையும்.

மறுமொழி

யாரும் இன்னும் சொல்லாத ஒன்று: ரப்பர் புஷ் போட்டால் ஆர்ம் போல்ட்களைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. ரப்பர் உள்ளே குழாயோடும் வெளியே ஓட்டோடும் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுகுகிறது, வழுக்குவதில்லை. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரைக் கீழே இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முழுக்க முறுகி நிற்கும். கார் உயர்ந்து நிற்கும், கொஞ்ச நாளிலேயே புஷ் கிழியும். கடையில் புஷ் மட்டம் என்று திட்டுகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

எளிய வழி: வேலை தொடங்கும் முன் சமதரையில் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டியபின், கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அப்போது இறுக்குங்கள். பாலியூரித்தேனுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அது குழாய்மேல் சுழலும்.

ஜாக்கி பற்றி: பின்பக்க நடுவில் டிஃபரன்ஷியல் அடியில் தூக்கலாம். ஸ்டாண்டை சில்லில் (கதவுக்கு அடியில் ஓடும் இரும்புச் சட்டம்) வைக்கும் முன் அதைத் தட்டிப் பாருங்கள். துணிக்கூரையின் வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் நின்று, சரியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் இற்றுப்போகும். இற்ற சில்லில் ஸ்டாண்ட் நிற்காது. முதலில் வெல்டிங், பிறகுதான் சஸ்பென்ஷன்.

மறுமொழி

கடைசியாக, கீழ் ஆர்மின் உள்முனையில் இருக்கும் இரண்டு கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்). இவைதான் பின் சக்கரத்தின் டோவையும் கேம்பரையும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) வைக்கின்றன. கழற்றும் முன் கோடு போட்ட வாஷரின் நிலையைப் பெயின்ட் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அது அலைன்மென்ட் கடை வரை பத்திரமாக ஓட்டிப் போகத்தான், அலைன்மென்ட்டுக்கு மாற்று இல்லை. இவையும் நீள போல்ட் மாதிரியே குழாயில் ஒட்டும். அலைன்மென்ட் கடையில் "திரும்பவில்லை" என்று அனுப்பிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாட்டும்போது போல்ட்டின் வழுவழுப்பான உடல் பகுதியிலும் குழாயின் உள்ளேயும் நன்றாக கிரீஸ் பூசுங்கள். மரையில் வேண்டாம், பழுதுபார்க்கும் புத்தகத்தில் சொன்ன டார்க் (முடுக்கும்) அளவு உலர்ந்த மரைக்கானது.

அலைன்மென்ட்டுக்கு ஓட்டுநர் எடையோடு கொண்டு போங்கள், இந்தச் சின்னக் காரில் ஒருவர் உட்கார்ந்தாலே அளவு மாறும். பின்பக்கம் இரண்டு சக்கரமும் சமமாக, கொஞ்சம் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்நோக்கி). டோ-அவுட் சிறிதும் கூடாது, ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் வெளியே போகும். சாலைக்குக் கேம்பர் மைனஸ் ஒன்றரை டிகிரி அளவு போதும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டிலும் டார்க் ரெஞ்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள், அதுவும் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது.