டிரெஸ்டனுக்குச் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு

டிரெஸ்டனில் சிப் ஆலை வேலை உறுதியாகிவிட்டது, நான்கு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன், மனைவிக்கு ஜெர்மன் தெரியாது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. இதே கேள்வியோடு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். இன்ஃபினியான், குளோபல்ஃபவுண்ட்ரீஸ், பாஷ் என்று சிப் நிறுவனங்கள் எல்லாம் ஏற்கெனவே இங்கே இருக்கின்றன. தைவான் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் கூட்டு ஆலைக்கும் 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். மியூனிக், ஃபிராங்ஃபர்ட் பற்றித் தமிழில் தேடினால் நிறையக் கிடைக்கும். டிரெஸ்டன் இருக்கிற, கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி மாநிலம் பற்றி அந்த அளவுக்கு இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நானும் கணவரின் வேலைக்காக இரண்டு பிள்ளைகளோடு வந்தவள்தான். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் வருவதையும், சிலர் ஒரே வருடத்தில் மூட்டை கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். போனவர்களில் பெரும்பாலோர் வேலை பிடிக்காமல் போகவில்லை. வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவருக்குப் பேச ஆள் இல்லை, வெளியே போக வழி தெரியவில்லை, அதனால்தான் போனார்கள். உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது, அங்கே ஆங்கிலம் பேசுகிறார்கள். உங்கள் மனைவிக்கு முதல் ஆறு மாதம் இந்த ஊர் என்பது வீடு, டிராம், கடை, பிள்ளைகளின் கீட்டா (பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) அவ்வளவுதான். எந்த மாதம் வருவது, எங்கே வீடு பார்ப்பது, எப்போது லீவு எடுப்பது, எல்லாவற்றையும் அவர் இடத்தில் இருந்து யோசித்து முடிவு செய்யுங்கள்.

முதலில் மாதம். நவம்பரில் குடும்பத்தைக் கூட்டி வராதீர்கள். டிசம்பரில் இங்கே விடிய எட்டு மணி ஆகும், மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பூங்காவில் யாரும் நின்று பேச மாட்டார்கள். வெயிலிலேயே வளர்ந்த பிள்ளைகள் வந்ததும் வராததுமாக நான்கு சுவருக்குள் அடைந்துவிடும். முடிந்தால் நீங்கள் ஜனவரியில் தனியாக வந்து வேலையில் சேர்ந்து, வீடு பிடித்துவிடுங்கள். அவர்கள் ஏப்ரலிலோ மே மாதத்திலோ வரட்டும். அந்தப் பருவத்தில் விளையாட்டுத் திடல்களில் அம்மாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் மணலில் விளையாடும்போது பெரியவர்களுக்கும் தானாகப் பேச்சு வந்துவிடும்.

வீடு. ஆலைகள் ஊரின் வடக்கே, விமான நிலையத்துப் பக்கம் இருக்கின்றன. அதற்காக ஆலைக்கு அருகில்தான் வீடு வேண்டும் என்று தேடாதீர்கள். கீட்டா, கடை, திடல் மூன்றும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், டிராம் நிறுத்தம் பக்கத்தில் இருக்க வேண்டும். நியூஸ்டாட் பகுதியிலிருந்து வடக்கே கிளோட்ஷே பகுதி வழியாகப் போகும் 7ஆம் எண் டிராம் உங்களை வேலைக்குக் கொண்டுபோய்விடும். தள்ளுவண்டியோடு டிராமில் ஏறுவது இங்கே சுலபம் என்பதால் முதல் வருடம் கார் இல்லாமலே சமாளிக்கலாம். வாடகை வீட்டில் பல நேரம் சமையலறையே இருக்காது. வெறும் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். சமையலறையோடு வரும் வீடா என்று முதலிலேயே கேளுங்கள். முன்பணம், வெப்பச் செலவு சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இட்லி, ரசம் என்று நாம் ஆவி பறக்கச் சமைக்கிறவர்கள். குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்றோட்டம் விடாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது அதற்கும் பணம் கேட்பார்கள்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பியூர்கர்பியூரோ என்னும் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. தற்காலிக வீடு எடுப்பதானால் அந்தத் தாளைத் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தப் பதிவு நடந்தால்தான் வரி எண் வரும், அது வந்தால்தான் பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் கிண்டர்கெல்ட் பணத்துக்கான விண்ணப்பம் நகரும்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். உங்களுக்கு உங்கள் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு உங்கள் பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயரோ உங்கள் பெயரோ. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பப் பெயர் ஆகிவிடும். ஜெர்மன் தபால்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துக் கடிதம் போட மாட்டார். பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பிள்ளையின் வரி எண்ணும் மனைவியின் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வருகின்றன. சாவி கையில் வாங்கிய அன்றே, வீட்டில் இருக்கிற எல்லார் குடும்பப் பெயரையும் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். மனைவி தனியாகப் பிள்ளைகளோடு பயணம் செய்யும்போது பிறப்புச் சான்றிதழ் நகல் கைப்பையில் இருக்கட்டும். பெயர் வேறாக இருக்கிறதே என்று எல்லையில் கேட்பார்கள்.

கிண்டர்கெல்ட் 2026 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. தாமதமாக விண்ணப்பித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் தனியாரா பொதுவா என்று கேட்டால், பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு என் பதில் பொதுக் காப்பீடுதான். வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் கூடுதல் கட்டணம் கிடையாது. தனியாரில் ஆளுக்கு ஒரு கட்டணம்.

இப்போது கீட்டா. இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் திண்டாடுகின்றன, அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்கச் சட்டத்தில் இருக்கிறது. மியூனிக் பக்கம் அந்த உரிமையை வைத்துக்கொண்டே காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே பிறப்பு குறைந்துவிட்டதால் இடம் கிடைப்பது எவ்வளவோ எளிது. உங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஒரே கீட்டாவில் சேர்க்க முயலுங்கள். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து அது சட்டம். ஒரு வயது ஆனால் ஒரு டோஸ், இரண்டு வயது ஆனால் இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையில் தேதியும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், டாக்டரிடம் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் முதல் நாளே பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு வருவோம், அது அழுதாலும் டீச்சர் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இங்கே அப்படி இல்லை. பழக்கும் காலம் என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ பிள்ளையோடு அறைக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இருவருமாக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக வந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவைப்பார்கள், சனி ஞாயிறு வீட்டில் இருந்த பிள்ளைக்குத் திங்களன்று பிரிவது கஷ்டம் என்பதால். அப்புறம் அரை மணி, சாப்பாடு வரை, தூக்கம் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவார்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் போதும், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். இது முடிவதற்குள் மனைவிக்கு மொழி வகுப்பு, வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒருவரோடு நீங்கள் உட்கார வேண்டும். அந்த மாதத்துக்கான லீவை வேலை ஒப்பந்தம் போடும்போதே மேலாளரிடம் பேசி வைத்துவிடுங்கள். அப்பா வந்து உட்காருவதை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

கீட்டா வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி இருக்கும், மேலே நத்தையோ பலூனோ ஒரு படம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை அந்தப் படத்தை வைத்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்தக் கொக்கியில் தோள்வார் வைத்த ரப்பர் சேற்று பேன்ட், கீழே பூட்ஸ், உள்ளே போட மெல்லிய செருப்பு, மாற்றுத் துணி ஒரு பை, எல்லாம் இருக்க வேண்டும். மழை பெய்தாலும் வெளியே கூட்டிப் போவார்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். இவற்றைப் புதிதாக வாங்காதீர்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் பிள்ளைத் துணிச் சந்தைகளில் பாதிக்கும் குறைந்த விலையில் நல்லதாகவே கிடைக்கும்.

சேர்ந்த முதல் குளிர்காலத்தில் பிள்ளைக்கு மாற்றி மாற்றிச் சளி, காய்ச்சல் வரும். பயப்பட வேண்டாம், இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பிள்ளை மருத்துவர்கள் புதுப் பெயர் சேர்ப்பது கடினம், எனவே வீடு முடிவானதும் பக்கத்தில் இருக்கிற பிள்ளை மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கெல்லாம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் எளிதாக மறுத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கு உடனே ஆன்டிபயாடிக் எழுத மாட்டார்கள். ஓய்வு, தண்ணீர், காய்ச்சல் சிரப் என்று அனுப்பிவிடுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இரவிலும் விடுமுறையிலும் அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117, உயிர் ஆபத்து என்றால் 112. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பொதுக் காப்பீடு ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு வருடத்துக்கு 15 நாள் பணம் தருகிறது. மனைவியும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அதை இருவரும் பங்கிட்டுப் பயன்படுத்துங்கள்.

மகள் கீட்டாவில் பல மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழியைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிற காலம் அது. அதற்காக வீட்டில் தடுமாறித் தடுமாறி ஜெர்மன் பேசாதீர்கள். தமிழிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், கீட்டா ஆசிரியைகளும் அதைத்தான் சொல்வார்கள். மேற்கு ஜெர்மனியில் ஈழத்தமிழர்கள் பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள், ஹம் நகரில் பெரிய காமாட்சி அம்பாள் கோயிலே இருக்கிறது. இங்கே கிழக்கில் அந்த அளவுக்குக் கட்டமைப்பு கிடையாது. தமிழ் வீட்டில்தான் நிற்கும். சமையல் சாமானுக்குக் கவலை வேண்டாம். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட வியட்நாமியர்களின் கடைகளில் அரிசி, கொத்தமல்லி, வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும்.

பயமில்லாமல் இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். 2014இல் குடியேறிகளுக்கு எதிரான பெகிடா ஊர்வலங்கள் தொடங்கியது இந்த ஊரில்தான். 2024 மாநிலத் தேர்தலில் வலதுசாரி ஏஎஃப்டி கட்சி முப்பது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. டிராமில் முறைக்கிறவர்கள் உண்டு, எப்போதாவது ஒரு சொல்லும் காதில் விழும். அதே டிராமில் தள்ளுவண்டியைத் தூக்கிவிட மூன்று பேர் ஓடி வருவதும் உண்டு. அரசியல் ஊர்வலம் ஏதாவது நடக்கிற மாலைகளில் நகர மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். வீடு பார்க்கும்போது அந்தத் தெருவுக்கு இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மனைவி சீக்கிரம் மொழி கற்பது எல்லாவற்றையும் விட முக்கியம். நாலு வார்த்தை திருப்பிப் பேசத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நீங்கள் நீல அட்டையில் (தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி) வருவதால் அவருக்கு விசாவுக்கு ஜெர்மன் சான்று தேவையில்லை. ஆனாலும் ஊரிலேயே ஏ1 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசியாக, மகளுக்குப் பள்ளி. சாக்சனியில் ஜூன் 30க்குள் ஆறு வயது நிரம்பினால் அந்த வருடமே முதல் வகுப்பு, பதிவு அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நடந்துவிடும். பள்ளியில் சேர்ந்த பிறகு விடுமுறை இல்லாத நாளில் ஊருக்குக் கிளம்ப முடியாது, அபராதம் போடுவார்கள். கோடை விடுமுறை ஆறு வாரம்தான், அப்போது டிக்கெட் விலை ஏறிவிடும். தாத்தா பாட்டியோடு பொங்கலுக்கு இருக்க வேண்டும், இரண்டு மாதம் தங்க வேண்டும் என்று ஆசை இருந்தால் இப்போது கிடைக்கிற இந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே போய் வாருங்கள். எந்த மாதம் வருகிறீர்கள், வீடு எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், அந்தப் பகுதிக் கீட்டாக்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.