புதுப்பிப்பு: லினக்ஸில் வைஃபை டிரைவரை நீக்க முடியாத சிக்கல்

மடிக்கணினி உறக்கத்திலிருந்து மீண்டதும் வைஃபை இயங்குவதில்லை என்றும், அதன் டிரைவர் மாட்யூலை (வைஃபை வன்பொருளை இயக்க, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்றப்படும் நிரல் துண்டு) நீக்க முயன்றால் அது பயன்பாட்டில் இருப்பதாகக் கூறி, மாட்யூலை நீக்கும் கட்டளையான ஆர்எம்மாட் (rmmod) மறுக்கிறது என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை எல்எஸ்மாட் (lsmod) கட்டளை காட்டும் பட்டியலின் கடைசி நெடுவரிசையை நான் கவனிக்கவே இல்லை. எந்த மாட்யூலை வேறு எவை சார்ந்திருக்கின்றன என்பது அங்கேதான் இருக்கிறது. என் டிரைவரின் மேல் இன்னொரு மாட்யூல் அமர்ந்திருந்ததால், அது விலகும்வரை கீழுள்ளதைக் கெர்னல் விடுவிக்காது. மேலுள்ளதன் பெயரைக் கொடுத்து மாட்யூல்களை ஏற்றவும் நீக்கவும் பயன்படும் மாட்ப்ரோப் (modprobe) கட்டளையை நீக்கும் விருப்பத்துடன் இயக்கியபோது, அதனுடன் வேறு எதற்கும் தேவைப்படாத கீழ் மாட்யூலும் சேர்ந்தே இறங்கியது. மீண்டும் ஏற்றியதும் வைஃபை உயிர்பெற்றது.

வலுக்கட்டாயமாக நீக்கும்படி ஒருவர் கூறிய யோசனையை நான் பின்பற்றவில்லை. அது கெர்னலையே நிலைகுலையச் செய்யக்கூடும். இப்போது உறக்கத்துக்கு முன் மாட்யூல்களை இறக்கி, விழித்தபின் ஏற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd) வைத்திருக்கிறேன்.