ஆயாவின் வாழ்க்கையை எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கே.வி.குப்பம் பேத்தி:

வணக்கம். என் பாட்டி, எங்கள் ஆயா, தவறிப் பத்து மாதம் ஆகிறது, மாசியில் முதல் வருஷத் திதி. அன்னதானமும் ஆயா படம் போட்ட பேனரும் போதும் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஆறவில்லை. முப்பது நாற்பது பக்கத்தில் ஆயாவின் வாழ்க்கையை எழுதி, வருகிறவர்கள் கையில் கொடுக்க ஆசை.

அம்மா விடிகாலையிலேயே ஷூ கம்பெனி வண்டிக்குப் போய்விடுவார், என்னையும் தம்பியையும் வளர்த்தது முழுக்க ஆயாதான். தலை வாரி, சோறு கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம் ஊர் வேலைக்குக் கிளம்பிவிடும். யாருக்காவது பிரசவ வலி என்றால் துணைக்குப் போகும், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறவர்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்ச் சீட்டு வாங்கி உட்காரவைத்து, பொழுது சாயத் திரும்பக் கூட்டி வரும். அறிவொளி இயக்கத்தில் ராத்திரிப் பாடம் சொல்லிக்கொடுத்தது, போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாக நடந்தது எல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். ஒரு பைசா வாங்கியதில்லை.

எதையும் எழுதியும் வைக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான பொம்பள" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. எந்த வருஷம் என்ன நடந்தது என்றும் தெரியவில்லை. இப்படி எழுதியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

வருஷத்தைக் கேட்காதீர்கள் அம்மா. எங்கள் தாத்தாவுக்காக நான் அலைந்தபோது கற்றுக்கொண்டது இது, நம் பெரியவர்களுக்கு ஊர் நடப்புதான் காலண்டர். வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் லிங்கம் திரும்ப வந்ததற்கு முன்னாடியா பின்னாடியா என்று கேளுங்கள், அது 1981. எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர். வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து நமக்கு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர் வந்தது 1989. பாலாற்றில் வெள்ளம் வந்தது 2021 நவம்பர். "எம்ஜிஆர் செத்தப்போ என் சின்னவன் கைக்குழந்தை, உங்க ஆயாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுச்சு" என்று யாராவது சொன்னால் வருஷமும் கிடைத்துவிட்டது, கதையும் கிடைத்துவிட்டது.

உங்கள் ஊரிலேயே சிஎம்சியின் கிராம சுகாதாரப் பிரிவான ரூசா 1977லிருந்து இருக்கிறதே, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் விசாரியுங்கள். இன்னொன்று, ஆயா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எல்லோரும் தங்கம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக உங்கள் வீட்டுக்கு எதற்கு வந்தார் என்று கேளுங்கள். யாரையாவது திட்டினாரா என்றும் கேளுங்கள், கட்டாயம் திட்டியிருப்பார்.

ஓய்வுபெற்ற செவிலி:

போலியோ வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், உங்கள் புத்தகத்தில் அது ஒரு வரியாகப் போய்விடக் கூடாது. 1995 டிசம்பரில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை முகாம், விட்டுப்போன குழந்தைகளுக்கு அடுத்தடுத்த நாள் வீடு வீடாக. ஐஸ் வைத்த பெட்டி தோளில் தொங்கும், பாதி நாளில் தோள் இறங்கிவிடும். பின்னாளில் வந்த மருந்துக் குப்பிகளில் வட்டத்துக்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அது கறுத்துவிட்டால் மருந்து வீண், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போட வேண்டும். குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை, கதவில் சாக்பீஸ் குறி.

ஆனால் என்னை மாதிரி வெளியூர்க்காரி போய்த் தட்டினால் "கொழந்த தூங்குது" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். அந்தந்த ஊர் ஆயா ஒருத்தர் முன்னால் நின்று, "ஏண்டி, நீ பொறந்தப்போ உன்ன மொதல்ல தூக்கினவளே நான்தான், உன் புள்ளைக்குக் கெடுதல் பண்ணுவேனா?" என்றால்தான் கதவு திறக்கும். 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ இல்லை என்று சான்று கிடைத்த அன்று எனக்கு அந்த ஆயாக்கள் முகம்தான் வந்தது. தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

குடியாத்தம் தறிக்காரர்:

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம் தங்கச்சி. அன்னதானத்துக்கு வந்து உட்காருகிறவர்கள்தான் உங்களுக்குச் சாட்சி. பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் நாலு நாலு பேராக உட்காரவைத்துப் போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள், ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் எடுத்துக்கொடுப்பார். புத்தகம் அடுத்த வருஷத் திதிக்கு வரட்டும், இரண்டே மாதத்தில் அவசர அவசரமாக அடிக்கிற காரியம் இல்லை இது.

எங்கள் அம்மா கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், அறிவொளியில்தான் பேர் எழுதக் கற்றார், இன்றைக்கும் பேங்கில் கையெழுத்துப் போடும்போது முகம் மாறும். உங்கள் ஆயாவிடம் படித்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரிடமும் ஒரே தாளில் கையெழுத்து வாங்குங்கள். அதை அப்படியே ஒரு பக்கமாகப் போடுங்கள்.

கே.வி.குப்பம் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டேன், அப்பாவுக்கும் சந்தோஷம். நேற்று எதிர்வீட்டு அத்தையிடம் "ஆயா கடைசியா எதுக்கு வந்துச்சு" என்று கேட்டேன். "எம் பேரனுக்கு ஒம்போதாம் மாசத்து ஊசி போட்டாச்சான்னு கேக்க வந்துச்சு, செவுத்தப் புடிச்சிக்கினே வந்துச்சு, ஒரு கட்டு முருங்கைக்கீரை வெச்சிட்டுப் போச்சு" என்றார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று நாங்கள் ஆயாவைத் தடுத்து வைத்திருந்த மாதம் அது, வீட்டில் யாருக்குமே தெரியாது. முதல் பக்கத்தை இதிலிருந்துதான் எழுதுகிறேன்.