சிங்கிள் ஸ்பீட் எம்டிபிக்கு பின்னாடி எத்தனை பல்லு? நம்ம குமரி ஏத்தத்துல சவுட்டுனவங்க அனுபவம் சொல்லுங்க

நாகர்கோவில்காரன்

மக்களே, மூணு வருசமா ஒரு 29 இஞ்சு எம்டிபிய (மவுண்டன் பைக்) சிங்கிள் ஸ்பீடா மாத்தி ஓட்டிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியா கீரிப்பாறை, லீவு கிடைச்சா குலசேகரம், பேச்சிப்பாறை. கியர் எதுவும் கிடையாது, முன்னால பெடலோட சுத்துத பல்சக்கரம், அதான் செயின் வீல், ஒண்ணு, பின்வீல்ல உள்ள பல்சக்கரம், அதான் பிரீவீல், ஒண்ணு, அவ்ளோதான். புதுசா மாத்துதவங்க எல்லாரும் கேக்குத முதல் கேள்வி எத்தனை பல்லு போடணும்ங்கிறதுதான், அதனால நான் பட்டதை முதல்ல சொல்லிடுதேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்க.

நான் முதல்ல போட்டது 32-16, அதாவது முன்னால 32 பல்லு, பின்னால 16. எல்லா இடத்துலயும் "ரெண்டுக்கு ஒண்ணு, எம்டிபிக்கு அதுதான் சரி"ன்னு எழுதியிருந்துச்சு, நானும் நம்பிப் போட்டேன். அந்தக் கணக்கு 26 இஞ்சு வீல் காலத்துல வந்த கணக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. முன்பல்லை பின்பல்லால வகுத்து வீல் இஞ்சால பெருக்கிப் பாருங்க, இதுக்குப் பேருதான் கியர் இஞ்ச், அந்தக் காலத்துல முன்வீல் ஆள் உயரத்துக்கு இருந்த சைக்கிள்ல வீல் எத்தனை இஞ்சுன்னு சொன்ன பழக்கத்துல இருந்து வந்தது. 26 வீல்ல 32-16 போட்டா 52 வரும். அதையே 29ல போட்டா 58. பல்லு ஒண்ணுதான், ஆனா கால்ல விழுத பாரம் வேற. 29ல அதே 52 வேணும்னா பின்னால 18 போடணும். இந்த ஒரு விசயம் தெரியாம நாலு மாசம் முட்டியக் கெடுத்தேன்.

தடிக்காரன்கோணம் தாண்டி ஏத்தம் ஆரம்பிக்குத இடத்துல வேகமா வந்து ஒரே தம்ல ஏறிரலாம்னு எழும்பி நின்னு சவுட்டுவேன், பாதி ஏத்தத்துல கிராங்க் (பெடல் மாட்டுத கம்பி) நேர் மேலயும் கீழயுமா நிக்குத இடம் வரும்ல, அந்த இடத்துல சைக்கிள் அப்படியே செத்துப் போவும், அடுத்த காலு இறங்காது. மூணாவது ஞாயித்துக்கிழமையே முட்டிச்சிரட்டைக்குக் கீழ ஒரு குத்தல். வீட்டுல மாடிப்படி இறங்கும்போதுதான் அது என்னன்னு தெரிஞ்சுது.

அப்புறம் 18 போட்டேன். நல்லா இருந்துச்சு, ரெண்டு மணி நேரம் வரைக்கும். மூணாவது மணி நேரத்துல, திரும்பி வரும்போது கிடக்குத சின்னச் சின்ன ஏத்தம்தான் ஆளைக் கொல்லும். போகும்போது சிரிச்சுக்கிட்டே ஏறுன இடம் அது. அப்பதான் புரிஞ்சுது, காலு புதுசா இருக்கும்போது பல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இப்ப 32-20, அதாவது 46. மழை மாசத்துல 22.

"20 போட்டா ரோட்டுல போவவே மாட்டியே"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. கணக்கு போட்டுப் பாத்தேன். நிமிசத்துக்கு 90 தடவை சவுட்டுனா 18ல மணிக்கு 22 கிலோமீட்டர், 20ல 20 கிலோமீட்டர். ரோட்டுல நஷ்டம் வெறும் 2 கிலோமீட்டர்தான். ஏத்தத்துல கிடைக்குதது இறங்கித் தள்ளாம போவுதது. எனக்கு இதுல யோசிக்கதுக்கே ஒண்ணும் இல்ல.

குலசேகரம் ரப்பர்காடு

அண்ணே சொன்னது அத்தனையும் சத்தியம். எனக்க சைக்கிள் பழைய 26 இஞ்சு, அதுல 32-18, கணக்கு போட்டா உங்க 29ல 20 போட்டதும் இதுவும் ஒண்ணுதான், 46. பல்லு நம்பரை மட்டும் சொல்லிட்டு வீல் என்னன்னு சொல்லாம விடுதவங்களாலதான் புதுப் பிள்ளைங்க குழம்புது.

நான் சொல்ல வந்தது மழை பத்தி. நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசிலயும் மழை, ரெண்டு மழையும் கிடைக்குத ஊரு நம்ம ஊரு. எஸ்டேட் ஓரத்து வழி எல்லாம் செம்மண்ணு, காஞ்சு கிடந்தா தார் ரோடு மாதிரி, நனைஞ்சா சோப்பு. அதுல கனமான கியர் போட்டுட்டு எழும்பி நின்னு சவுட்டுனா உடம்பு பாரம் எல்லாம் முன்னால போயிரும், பின்வீல்ல பிடி இருக்காது, ஒரே சவுட்டுல பின்வீல் சுத்தும், சைக்கிள் நிக்கும். சீட்டுல உக்காந்தே ஏறணும். உக்காந்து ஏறணும்னா கியர் லேசா இருக்கணும். 29க்கு 32-22 போட்டா 42 வரும், மழைக்கு அதுதான். ரொம்ப லேசாவும் போயிரக் கூடாது கேட்டியளா, நான் ஒரு தடவை அதையும் விட லேசாப் போட்டுப் பாத்தேன், ஒவ்வொரு சவுட்டுக்கும் வீல் வெட்டி வெட்டிச் சுத்துச்சு, அதுலயும் பிடி போச்சு.

ரப்பர் காய் வெடிச்சு விதை விழுத மாசம் ஒண்ணு உண்டு. கல்லு மாதிரி உருண்டையா, வழுவழுன்னு, புள்ளி போட்ட விதை, இலைக்கு அடில கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஏத்தத்துல டயருக்கு அடில ரெண்டு மூணு ஒண்ணாச் சிக்குனா கோலிக்குண்டு மேல ஏறுன மாதிரி வழுக்கி விடும். போன வருசம் அப்படித்தான் விழுந்தேன், ஹேண்டில் பார் நெஞ்சுல குத்துச்சு. பக்கத்துல ரப்பர் வெட்டு வேலைக்கு வந்த ஒரு அண்ணன் ஓடி வந்து தூக்கி விட்டாரு. அவருக்க சைக்கிள் பெரிய சைக்கிள், பின்னால பால் கேன் கட்டியிருக்கு, ஏத்தத்துல தள்ளிட்டுத்தான் போறாரு. எனக்க சைக்கிளைச் சுத்திப் பாத்துட்டு, "பெரிய பல்லு பின்னால கிடக்கே, ஏத்தத்துக்குக் கொள்ளாம், இறங்கித் தள்ளுனாலும் காலு ஒண்ணும் தேயாது தம்பி"ன்னாரு. அன்னைல இருந்து தள்ளுததுக்கு நான் கூச்சப்படுதது இல்ல. ரொம்பச் செங்குத்தான ஒரே ஒரு ஏத்தத்துக்காக மொத்த வழிக்கும் கியரைக் கொறைக்க வேண்டாம், அந்த இடத்தைத் தள்ளிட்டுப் போயிரலாம். மீதி 90 சதவீத வழிக்கு எது ஒத்து வருதோ அதைப் போடணும்.

ஆரல்வாய்மொழி

எங்க பக்கம் ஏத்தம் கொறவு, ஆனா காத்து உண்டு. அதைக் கணக்குல எடுக்காம யாரும் பல்லு வாங்காதீங்க. ஆனி, ஆடில கணவாய் வழியா மேக்க இருந்து அடிக்குத காத்து, முப்பந்தல் காத்தாடி எல்லாம் சும்மாவா அங்க நட்டு வச்சிருக்காங்க. நான் 34-18 போட்டிருந்தேன், 29 வீல், 55 கிட்ட. முப்பந்தலுக்குப் போகும்போது காத்து முதுகுல, சவுட்டவே வேண்டாம், பெடல் சும்மா சுத்தும். திரும்பி நாகர்கோவில் பக்கம் வரும்போது நேர் எதிர்க்காத்து. ஏத்தம்னா ஒரு இடத்துல முடியும், காத்து முடியாது. ஒரு நாள் தோவாளை வரைக்கும் நின்னுக்கிட்டே சவுட்டி வந்தேன், மறுநாள் இடுப்பு நிமிரல. இப்ப 32-18, உக்காந்தே வந்துருதேன். போகும்போது வேகம் போச்சேன்னு ஒரு நாள் கூட தோணல.

மார்த்தாண்டம்

பல்லு மாத்துததுல உள்ள கஷ்டத்தையும் எழுதுங்க, நான் எழுதுதேன். எனக்கு திருகி மாட்டுத பிரீவீல். இது நாம சவுட்டச் சவுட்ட இறுகிட்டே போவும், ரெண்டு வருசம் ஓட்டுனா ஹப்போட (வீலுக்க நடுப்பாகம்) ஒட்டிப் பிடிச்ச மாதிரி ஆயிரும். முதல்ல ஒரு கடையில உளியும் சுத்தியலும் வச்சு அடிச்சாங்க, பிரீவீலும் போச்சு, ஹப் திரெட்டும் கொஞ்சம் போச்சு. அப்புறம் எங்க ஊர்ல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். அவரு பிரீவீல் கழட்டுத டூலை வைஸ்ல (மேசைல உள்ள இறுக்குப்பிடி) இறுக்கிப் பிடிச்சாரு, வீலைத் தூக்கி அது மேல உக்கார வச்சாரு, ரெண்டு கையாலயும் டயரைப் பிடிச்சு பஸ் ஸ்டியரிங் வளைக்குத மாதிரி ஒரே இழுப்பு. டக்குன்னு ஒரு சத்தம், கழண்டுட்டு. மாட்டும்போது திரெட்டுல கிரீஸ் தடவுனாரு, "இதைத் தடவாமத்தான் எல்லாரும் உளியை எடுக்கான்"னாரு. வாங்கிட்டுப் போன பிரீவீல்ல ஒரு பல்லுல சாக்பீஸ் வச்சு அடையாளம் போட்டு விரலால எண்ணுனாரு, 20ன்னு கடைக்காரர் தந்தது 18. எண்ணாம வாங்காதீங்க.

அவரு கடைல நின்ன பழைய பெரிய சைக்கிளையும் எண்ணிப் பாத்தேன், முன்னால 44, பின்னால 18, வீல் 28. கணக்கு 68 வருது! எங்க அப்பா இதே மாதிரி சைக்கிள்ல தேங்கா மூட்டையோட சந்தைக்குப் போவாரு. ஏத்தத்துல இறங்கித் தள்ளுவாரு, சின்ன வயசுல நான் பின்னால இருந்து தள்ளி விடுவேன். ஏன் இறங்குதாருன்னு 30 வருசம் கழிச்சு இப்ப தெரியுது.

நாகர்கோவில்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மார்த்தாண்டம் அண்ணன் எழுதுனதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எங்க அப்பாவை நினைச்சுட்டு இருந்தேன்.

செயின் டென்சன் பத்தி ரெண்டு பேரு தனியாக் கேட்டாங்க, இங்கயே சொல்லிடுதேன். பின்னால ஒரு பல்லு கூட்டுனா வீல் 3 மில்லிமீட்டர் முன்னால வரணும், 20ல இருந்து 22 போட்டா 6 மில்லிமீட்டர். பின் அச்சு முன்னபின்ன நகருத பிரேம்னா அதுலயே சரி பண்ணிரலாம், செயினை வெட்ட வேண்டாம். எனக்க பிரேம்ல அச்சு நகராது, அதனால செயின் தொங்காம இழுத்துப் பிடிக்குத டென்சனர் கண்டிப்பா வேணும். கியர் மாத்தும்போது செயினைத் தள்ளுத பழைய டிரெயிலியரையே டென்சனரா மாட்டி வச்சிருக்கேன், ஸ்க்ரூவைத் திருப்பி பல்லுக்கு நேரா நிப்பாட்டணும், முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டுல வரணும். நான் கண்ணளவுல விட்டுட்டு கீரிப்பாறை இறக்கத்துல கல்லு மேல குதிச்சப்ப செயின் கழண்டு ஸ்போக்குக்கும் பிரீவீலுக்கும் நடுவுல போய்ச் சிக்கிட்டு, மூணு ஸ்போக் வெட்டுப்பட்டுது. இப்ப நீள ஸ்கேலை முன்பல்லுல ஒட்டி வச்சுப் பாத்துத்தான் இறுக்குதேன்.

இன்னும் எதுவும் வாங்காதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. கையில இருக்குத கியர் சைக்கிள்லயே செய்யலாம். சாதாரண 7 கியர் பிரீவீல்ல பெரும்பாலும் 18, 20, 22 மூணுமே கிடக்கும், பல்லை எண்ணிப் பாத்து 20ல போட்டு, கியர் மாறாம இருக்க ஷிப்டர் (கியர் மாத்துத லிவர்) மேல டேப் ஒட்டுங்க. நீங்க வழக்கமா போற வழி முழுசும், போயிட்டுத் திரும்பி வரணும், பாதியில திரும்பக் கூடாது. எந்த ஏத்தத்துல காலு நிக்குதுன்னு பாருங்க. போகும்போது நின்னா பரவால்ல, திரும்பி வரும்போது எங்க நிக்குதுன்னுதான் முக்கியம். மறுவாரம் 22ல இதே வழி. ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்.

எனக்கிட்ட 18 ஒண்ணு சும்மா கிடக்கு, திருகுத டைப், பல்லு தேயல. ஆரல்வாய்மொழி பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை தோவாளை வரைக்கும் கொண்டு வாரேன். டூலும் இருக்கு. வைஸ் மட்டும் உங்க பக்கம் பாத்து வைங்க.