டூசிப் சர்வே வருது: மாடியில் இருக்கும் குடும்பத்துக்குத் தனி வீடு உண்டா?

நாலாக்கரை: தெற்கு டெல்லியில் நாலா (சாக்கடைக் கால்வாய்) ஓரமா உள்ள ஜுக்கி (குடிசை) கேம்ப்ல இருக்கோம். டூசிப் (டெல்லி அரசோட குடிசை மேம்பாட்டு வாரியம்) சர்வேன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. கீழே அப்பா அம்மா, மாடியில் அண்ணன் குடும்பம். அண்ணனுக்கு ஓட்டு இப்போ விழுப்புரத்தில். ரெண்டு வீடு கிடைக்குமா?

முனிர்கா77: முதல்ல, கேம்ப் பேர் டூசிப்போட 675 குடிசைப் பகுதிப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா கோர்ட்டுக்குப் போனாலும் கஷ்டம். டெல்லியோட 2015 குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி கேம்ப் 1-1-2006க்கு முன்னாடியும், ஜுக்கி 1-1-2015க்கு முன்னாடியும் இருந்திருக்கணும். மாடிக் குடும்பத்தையும் கணக்கில் எடுப்பாங்க, ஆனா 1-1-2015க்கு முன்னாடி வாங்கின தனி ரேஷன் கார்டு வேணும். அப்பா கார்டுலயே அண்ணன் பேரும் இருந்தா ஒரே வீடுதான்.

ஓட்டுதான் பெரிய வில்லங்கம். 2012 முதல் 2015 வரையான டெல்லி வாக்காளர் பட்டியல் ஏதாவது ஒண்ணுல பேர் இருக்கணும். சர்வே நடக்கிற வருஷப் பட்டியல்லயும் இருக்கணும். இப்போதைய ஓட்டை ஃபாரம் 8 (முகவரி மாத்துற விண்ணப்பம்) போட்டு டெல்லிக்கு மாத்திடலாம். பழைய பட்டியல்ல பேர் இல்லேன்னா அதை யாரும் சேர்க்க முடியாது. ஊர்த் தேர்தலுக்காக ஓட்டை மாத்திக்கிட்டுப் போன நம்ம ஆளுங்க பலபேர் மாட்டுறது இங்கேதான்.

பழைய_ஃபைல்: கூடவே 12 ஆவணத்துல ஒண்ணு, 1-1-2015க்கு முன் தேதியில்: கரன்ட் பில், பாஸ்போர்ட், லைசென்ஸ், போட்டோ ஒட்டின அரசு வங்கி பாஸ்புக் மாதிரி. நம்ம இனிஷியல் இங்கே தலைவலி. ஒரு கார்டுல "எம். செல்வம்", இன்னொண்ணுல "செல்வம் முருகன்"னு இருந்தா வேற ஆளுன்னு தள்ளிடுவாங்க, அஃபிடவிட் இப்பவே போட்டு வைங்க. சர்வே அன்னிக்கு ரெண்டு கதவும் திறந்திருக்கணும். பூட்டின வீடு பட்டியல்ல ஏறாது, அப்புறம் ஆட்சேபக் கமிட்டி, அப்பீல்னு அலைச்சல்தான். வீடு ஒதுக்கினா கட்ட வேண்டியது 1,12,000 ரூபாய், பராமரிப்புக்கு 30,000.

சட்டப்புள்ளி: சுதாமா சிங் (2010), அஜய் மாக்கன் (2019) வழக்குகள்ல டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது: சர்வே, மறுவாழ்வு முதல்ல, இடிப்பு அப்புறம். மாத்து வீடு அதே இடத்துல, இல்லேன்னா 5 கி.மீ.க்குள்ளேன்னு கொள்கை சொல்லுது. ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. 2025ல இடிச்ச மதராசி கேம்ப்ல (ஜங்புரா பக்கம் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதி) 370 வீட்டுக்கு 189 பேர்தான் தகுதின்னாங்க, வீடு கொடுத்ததும் ரொம்ப தூரத்துல, டெல்லியோட வட ஓரத்து நரேலாவில்.

உங்க கேம்ப் நிலம் யாருது, டிடிஏவா (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ரயில்வேயா? மத்திய ஏஜென்சின்னா அவங்களே மறுவாழ்வு வேலையைச் செய்யலாம், டூசிப்கிட்டயும் கொடுக்கலாம். யாருக்கு மனு போடணும்ங்கிறது அதைப் பொறுத்தது.