பெண்டாட்டி படைத்தலைவி, ஆனால் பெண் பிள்ளை பிறந்தால் "நல்லதில்லை"யா? (ஷாங் அரசர் வூ திங்)

கொட்டகலைக்காரி:
இரண்டு வாரமாக விடாத மழை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பழைய சீனாவைப் பற்றி ஓர் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள், அவளை விட எனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது. வூ திங் என்ற ஷாங் வம்ச அரசர், கி.மு. 1250 அளவில் ஆட்சிக்கு வந்து 59 வருஷம் ஆண்டதாகச் சொல்கிறார்கள். அவருடைய மனைவிகளில் ஃபூ ஹாவ் என்று ஒருத்தி. ஆமையோட்டிலும் எலும்பிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்: அவளுடைய ஆட்கள் 3,000 பேர், அதோடு இன்னும் 10,000 பேர், சியாங் கூட்டத்தாரை அடிக்கப் போகிறார்கள். சரி, அருமை. அதே ஃபூ ஹாவுக்குப் பிரசவம், அதற்கு அவர்கள் எழுதியது "நல்லதில்லை, பெண்". ஒரே மனிதர் இரண்டையும் எப்படி எழுத வைத்தார்? அப்புறம் அவருக்கு மனைவி 3 என்கிறார்கள், 60க்கு மேல் என்கிறார்கள், எதை எழுதச் சொல்வது?

பழைய டீச்சர்:
தங்கச்சி, முதலில் ஒரு திருத்தம். அந்த எலும்பில் இருப்பது செய்திக் குறிப்பு இல்லை, குறி கேட்டது. ஆமையோட்டிலோ மாட்டெலும்பிலோ பின்பக்கம் குழி வெட்டி, சூடு வைத்து, விழும் வெடிப்பைப் பார்த்து அரசரே பலன் சொல்வார். கேள்வியையும் பல நேரம் இரண்டு விதமாகக் கேட்பார்கள், "நல்லபடி நடக்குமா", "நடக்காமல் போகுமா" என்று. நம்ம கோவிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரித்தான். ஆகவே 13,000 பேர் என்பது "திரட்டி அனுப்பலாமா" என்று கேட்டது. போய் வென்றாள் என்று அந்த வரியை மட்டும் வைத்து எழுதிவிட வேண்டாம்.

பிரசவத்துக்கு வருவோம். அவர்களுக்கு வாரம் என்றால் 10 நாள், ஒவ்வொரு நாளுக்கும் பெயர் உண்டு. அரசர் சொன்ன பலன், திங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிகவும் நல்லது. பிள்ளை பிறந்ததோ குறி கேட்ட 31ஆம் நாள், ஜியாயின் என்ற நாளில். நாள் தவறிப்போனது, அதோடு பெண்ணும் கூட. நாளை மட்டும் குறை சொன்னார்கள் என்று பூசி மெழுக நான் வரவில்லை, "பெண்" என்று வெட்டி வைத்திருக்கிறார்களே. ஆனால் கோபம் முழுக்கப் பிள்ளை மேல்தான் என்றும் சொல்ல முடியாது.

மனைவி கணக்கில் இரண்டு பக்கமும் பாதி சரி. "ஃபூ" என்ற பட்டத்தோடு எலும்புகளில் வரும் பெண்கள் 60க்கு மேல், அவர்கள் எல்லோரும் வூ திங்கின் மனைவிகள்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை. இறந்த முன்னோருக்குப் பிற்காலத்தில் படையல் போட்ட வரிசையில் இடம் பிடித்த அவருடைய ராணிகள் 3 பேர். இப்படியே இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

பதுளைத் தம்பி:
அக்கா, எலும்பை விடுங்கள், ஃபூ ஹாவின் கல்லறையைப் பாருங்கள். 1976இல் ஷாங் தலைநகர் இருந்த அன்யாங்கில் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் ஆய்வாளர் தலைமையில் தோண்டினார்கள், கொள்ளையர் கை படாத கல்லறை. வெண்கலப் பொருள் மட்டும் 468, ஜேட் என்ற பச்சைக் கல்லில் செய்தவை 755, சோழி 7,000க்குக் கொஞ்சம் குறைவு! எங்கள் லயத்தில் பாட்டி தாயம் ஆட 6 சோழியைத் துணியில் முடிந்து வைத்திருப்பார், அங்கே அதுதான் செல்வம். முக்கியமானது அவள் பெயர் பொறித்த பெரிய வெண்கலக் கோடரிகள். ஒன்று 9 கிலோ. அதைத் தூக்கிச் சண்டை போட முடியாது, "இவள் சொன்னால் படை நகரும்" என்பதற்கான அடையாளம். ஆகவே டீச்சர் சொன்ன மாதிரி அந்த ஒரு வரி கேள்வியாகவே இருந்தாலும் அவள் தலைவிதான்.

மலைச்சாரல்:
எல்லோரும் ஃபூ ஹாவையே பிடித்துத் தொங்குகிறீர்கள், வூ திங்கின் இன்னொரு மனைவி ஃபூ ஜிங்கை விட்டுவிட்டீர்கள். இவள் பெயரோடு தினை விளைச்சல் பற்றிய குறிகள் வருகின்றன. இவளுக்காக மகன் வார்க்க வைத்ததாகக் கருதப்படும் நாலு கால் வெண்கலப் பாத்திரம் 832.84 கிலோ. 1939இல் ஊர்க்காரர்கள் கண்டெடுத்து, ஜப்பான் படை கொண்டுபோய்விடும் என்று திரும்பப் புதைத்து, 1946இல் மறுபடி எடுத்தார்கள்.

வூ திங்கின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூத்தவர் சு ஜி அப்பாவுக்கு முன்பே இறந்தார். சின்னம்மா கோள் மூட்டித் துரத்திவிட்டாள் என்று பிற்காலக் கதை ஒன்று ஓடுகிறது, ஆனால் எலும்புகளில் அவர் "சின்ன அரசர்", படையலும் போகிறது, துரத்தப்பட்டவருக்கு அந்த மரியாதை எதற்கு? அப்புறம் தம்பிகள் சு கெங், சு ஜியா அடுத்தடுத்து ஆண்டார்கள்.

கொட்டகலைக்காரி:
நன்றி எல்லோருக்கும். யோசித்தால் என் கேள்வியே கொஞ்சம் அசட்டுத்தனம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது முழுக்கப் பெண்கள், அவர்கள் கூடை இறங்கினால் ஃபேக்டரி நின்றுவிடும், ஆனால் எனக்கு மூன்றாவதும் பெண் என்றதும் மாமியார் ஆஸ்பத்திரி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் 30 வருஷம் கொழுந்து எடுத்தவர்தான். பிறகு எதற்கு சீனாவுக்குப் போய் ஆச்சரியப்படுகிறேன்! மகள் அட்டைப்படத்துக்கு அந்தக் கோடரியைத்தான் வரையப் போகிறாளாம், பெயரோடு.

பழைய டீச்சர்:
வரையட்டும். ஆனால் அதே கல்லறையில் அவளோடு பலி கொடுத்துப் புதைத்த 16 பேரும் 6 நாயும் உண்டு, தம்பி அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். அதையும் உள்ளே எழுதச் சொல்லுங்கள், தங்கச்சி.

பதுளைத் தம்பி:
தாண்டவில்லை டீச்சர், சோழியில் மாட்டிக்கொண்டேன்.